ரெண்டு லிட்டர் தண்ணி

வாரும் மெட்ராஸ்காரரே. செருப்பை அங்கனயே கழத்திட்டுத் திண்ணைக்கு வா. ஆச்சி உள்ள அடுப்புப் பத்த வச்சிக்கிட்டு இருக்கா. நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். நேத்து ராத்திரியே ஒங்கம்மை போன்ல ஒப்பாரி வச்சிட்டா. "எப்பா, அவன் ஒரு குழாய் வாங்கப் போறானாம், ரெண்டு லட்சத்துக்கு மேலயாம். நீங்க சொன்னாத்தான் கேப்பான்." "ஏட்டி, குழாய்க்கு ரெண்டு லட்சமா? எத்தனை அடியில தண்ணி வருதாம்?"னு கேட்டேன். போனை வச்சிட்டா.

சரி, பேச்சை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு. அந்தக் குடத்துல இருந்து இந்த ரெண்டு லிட்டர் பாட்டில்ல தண்ணியை ரொப்பு. ததும்ப ரொப்பு. மூடியை இறுக்கு. இடது கையை அடியில கொடுத்து, கண்ணுக்கு நேரா தூக்கு. குளத்துக்குள்ள அந்தக் கருவேல மரத்து உச்சியில ஒரு கூழைக்கடா இருக்குல்லா? அதைப் பாக்குத மாதிரி அப்படியே நில்லு. நான் ஒன் பட்டியலைப் படிக்கேன். எதுக்குன்னு பொறவு சொல்லுதேன். பெரியவங்க சொன்னா ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சுக்கோ, இல்லாட்டி கெழடுக்குக் கோட்டி பிடிச்சிருக்குன்னு நெனச்சுக்கோ. கையை மட்டும் இறக்காத.

எங்க, போனைக் கொடு. ஆர்எஃப் 100-500. ஆர்எஃப் 200-800. சிக்மா 150-600, அதுலயே ரெண்டு தினுசு. டாம்ரான் 150-600. கடைசியில ஓரத்துல, வேண்டாவெறுப்பா எழுதின மாதிரி, ஈஎஃப் 100-400 ரெண்டாம் மாடல், பழசு. பேஷ். பொண்ணு தேடுதவன் கூட ஒரே நாள்ல ஆறு சாதகத்தைக் கக்கத்துல இடுக்கிட்டு வரமாட்டான்.

ஒன் கேமரா எது? உள்ள கண்ணாடி மடங்கி மடங்கி டக்கு டக்குங்குமே, அந்தப் பழைய கேனன்தானே? அப்ப முதல் ரெண்டு சாதகத்தையும் கிழிச்சுப் போடு. ஆர்எஃப்ங்கிறது கண்ணாடி இல்லாத புதுப் பாடிக்குன்னே செஞ்ச மவுண்ட். ஒன் பாடியில மாட்டாது. அடாப்டர் இருக்குங்கியா? ஈஎஃப் லென்சைப் புதுப் பாடியில மாட்டத்தாம்லே அடாப்டர் இருக்கு, தலைகீழா கிடையாது. வாழைக்குலையை வண்டியில ஏத்தலாம், வண்டியை வாழைக்குலையில ஏத்த முடியுமா? இது தெரியாம வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, மாட்டிப் பாத்து, மாட்டலைன்னதும் "சரி, போகட்டும், பாடியையும் மாத்திருவோம்"னு இன்னொரு லட்சத்தை எடுத்துட்டுப் போவே. கடைக்காரன் பிள்ளைக்குக் காதுகுத்து அந்த வருசமே நடக்கும்.

என்ன முழிக்கே? சர்வேயர் தாத்தாவுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னா? 31 வருசம் சங்கிலியும் தியோடலைட்டுமா வரப்பு வரப்பா அலைஞ்சவன்லே நான். தியோடலைட்டுல இருக்கதும் தூரத்தைக் கிட்டத்துல காட்டுத குழாய்தான். போட்டோக்காரன் அதை வச்சுப் படம் பிடிக்கான், நான் அதை வச்சு அண்ணன் தம்பிகளைப் பிரிச்சேன். ரிட்டயரான பொறவு இந்தக் கூந்தன்குளத்துக் கரையில எத்தனை பேருக்குப் பையைத் தூக்கியிருக்கேன். 1994-ல இதைச் சரணாலயம்னு அறிவிச்சாங்க. அதுக்கு எத்தனையோ காலம் முன்னாலயே நம்ம சனம் தீவாளிக்கு வெடி போடாம பறவையைக் காத்துட்டு இருந்துச்சு. வீட்டு வேம்புலயும் புளியிலயும் சங்குவளை நாரை கூடு கட்டினா, கொல்லையெல்லாம் எச்சமாக் கிடக்கும், மீன் நாத்தம் வேற. எவனும் ஒரு கல்லெடுத்து எறிய மாட்டான். எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அடிச்சு அவனவன் வெள்ளாமை எடுத்தான். இப்ப பாரு, ஒவ்வொரு சனவரிக்கும் கார் காரா வந்து இறங்குதானுவ, தோள்ல பீரங்கி.

கை ஆடுது. முழங்கையை விலாவோட சேத்து வை. ஆங், இப்பச் சரி.

அந்த லேப்டாப்பை நானே திறக்கேன், நீ பிடிச்ச பிடியை விடாத. ஒவ்வொரு படமும் எத்தனை எம்எம்ல எடுத்ததுன்னு கேமராவே கணக்கெழுதி வச்சிருக்கும்லா? பட்டாவைப் பாக்காம நெலத்தை அளக்கக் கூடாது. ஒங்கிட்ட இப்ப இருக்கது 55-250, முந்நூத்தி எழுபத்தஞ்சு கிராம் கோழிக்குஞ்சு. இந்தா, பறவைப் படம்: 250, 250, 250, 250. எல்லாம் கயிறு இறுகுத வரைக்கும் இழுத்த மாடு. சரி, இங்க ஒனக்கு நீளம் பத்தலை, ஒத்துக்கிடுதேன். இது என்ன, ஏரோப்பிளேனு? 2024 அக்டோபர் 6, மெரினா ஏர் ஷோ. அன்னைக்கு வெயில்ல வதங்கி நீ போன் பண்ணினது ஞாபகம் இருக்கு. 135, 180, 110, 250, 90. பாத்தியா? ரெண்டு மிருகத்துக்கும் ரெண்டு தீனி. ஒன் பட்டியல்ல பாதிக்கு மேல பேருக்கு 100-ஏ கிடையாது, 150-ல ஆரம்பிக்கான், 200-ல ஆரம்பிக்கான். சூர்யகிரண் ஒன்பது விமானமும் ஒண்ணாச் சேந்து தலைக்கு மேல வாறப்ப 200-ஐ வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே? நடுவுல இருக்க மூணை எடுத்துட்டு, மத்த ஆறும் லீவுன்னு எழுதுவியா?

வானத்தை அளந்து காட்டுதேன், இது சர்வேயர் பாடம். கையை நீட்டி ரெண்டு சுண்டுவிரலைச் சேத்து வச்சா எவ்வளவு வானம் மறையுதோ, ஒன் சின்ன சென்சார் 600-ல பாக்குத அகலம் அவ்வளவுதான், ரெண்டு டிகிரி சொச்சம். 100-ல பாத்தா ஒரு கைமுட்டி மறைக்குததை விடக் கொஞ்சம் கூட. பறக்குத நாரையை 600-ல எடுத்த எடுப்புலயே தேடுதவன், வைக்கோப்போருல ஊசி தேடுதவன். முதல்ல 100-ல பிடி, ஃபோகஸ் கவ்வின பொறவு பைய இழு. தியோடலைட்டுலயும் குழாய்க்கு மேல பாத்து ஆளைக் கண்டுபிடிச்சுட்டுத்தான் குழாய்க்குள்ள கண்ணை வைப்போம். மொதல் நாளே குழாய்க்குள்ள தலையை விட்ட சின்னப்பயலுவ எல்லாம் பக்கத்து ஊரு மாட்டைத்தான் அளந்தானுவ.

600 இருந்தா எட்டாததெல்லாம் எட்டும்னுதானே நெனச்சிருக்கே? கணக்குப் போடு. சிறு மீன்கொத்தி பதினாறு பதினேழு சென்டிமீட்டர் இருக்கும். அது ஒன் படத்துல பாதி உசரத்துக்கு வரணும்னா, 400-ல நீ ஒன்பது மீட்டருக்குள்ள இருக்கணும். 600-ல? 13 மீட்டர். கூடக் கொடுத்த காசுக்கும் கூடத் தூக்கின எடைக்கும் கிடைச்சது நாலு மீட்டர். அந்த நாலு மீட்டரை, காலையில ஆறு மணிக்குக் கரையில உக்காந்து, வாயை மூடி, போனை அணைச்சு வச்சுட்டு ஒரு மணி நேரம் இருந்தா மீன்கொத்தியே கொண்டாந்து கொடுக்கும். ஒன்னால முடியாதுன்னும் எனக்குத் தெரியும், நீ அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க எழுந்து லென்சைத் துடைக்கிற ஆளு. நாரை பெரிய சாமான், ஒரு மீட்டர் உசரம். 400-லயே ஐம்பது மீட்டர்ல பாதிப் படத்துக்கு வந்துரும். நம்ம தெரு மரத்துல கூடு இருக்கப்ப ஐம்பது மீட்டர் எதுக்கு? ஆச்சி துணி காயப்போடுத எடத்துல இருந்தே எடுக்கலாம். விமானம் இன்னும் சுளுவு. ஏ320 முப்பத்தேழரை மீட்டர் நீளம், 400-ல 670 மீட்டர்லயே பிரேமை நிரப்பிரும், கிட்ட வந்துட்டா வாலு வெளிய நிக்கும்.

குளத்துக்கு நடுவுல இருக்க வரித்தலை வாத்துக்கு? அதுக்கு 600-ம் பத்தாது, 800-ம் பத்தாது. இமயமலையைத் தாண்டி வாறது, ஒனக்காக இன்னும் நூறு மீட்டர் நீந்தி வராதாக்கும்?

இந்த 800-காரன் கதை வேற. போன மாசம் ஒருத்தர் வந்தாரு, நல்ல மனுசன், ஆர்எஃப் 200-800 வச்சிருந்தாரு. அந்த லென்சு 800-ல எஃப் 9. எஃப் 5.6-ஐ விட ரெண்டரை மடங்கு வெளிச்சம் கம்மி. பகல்ல ஒண்ணும் தெரியாது. பறவை பறக்குதது எப்ப? விடியக்காலம், மங்கின வெளிச்சத்துல. பறக்குத றெக்கையை நிறுத்த 2000-ல ஒரு பங்கு வினாடி வேணும். 5.6-ல ஐஎஸ்ஓ 1600 போதுங்கிற எடத்துல அவரு 4000 வைக்கணும். படம் பூராவும் அரிசிக்குருணை. அவரு கேமரா புதுசு, சமாளிச்சிட்டாரு. ஒன் பழைய பாடியில 4000 வச்சா நாரை எது, நொய் எதுன்னு சலிச்சுத்தான் எடுக்கணும். அதுக்காக 6.3-னு சொன்னதும் ஓடவும் வேண்டாம். 5.6-க்கும் 6.3-க்கும் நடுவுல மூணுல ஒரு ஸ்டாப்புதான், கால்வாசி வெளிச்சம். அந்தக் கால்வாசிக்காகச் சண்டை போடுதவன் மளிகைக்கடையில பத்து காசுக்கு ஊரைக் கூட்டுதவன்.

ஸ்டெபிலைசர் இருக்கேங்கியா? அது ஒன் கை நடுங்குததை நிறுத்தும்லே, பறவை றெக்கை அடிக்கிறதை நிறுத்தாது. ஏரோப்பிளேனைத் தொடர்ந்து திருப்பி எடுக்கப்ப ரெண்டாம் மோடுல வை, இல்லாட்டி நீ திரும்புததை நடுக்கம்னு நெனச்சு அது எதிர்ப்பக்கம் இழுக்கும். மாமியாரும் மருமகளும் மாதிரி.

மணி என்ன, பத்தரையா? அந்தா, குளத்துக்கு மேல பாரு. அக்கரையில இருக்க மரமெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்க மாதிரி நெளியுதுல்லா? கானல். வெயில் ஏறின பொறவு தியோடலைட்டுல நீட்டத்துக்குப் பாக்கவே கூடாதுன்னு எங்க பெரியவர் அடிச்சுச் சொல்லுவாரு, எதிர்ல நாட்டி வச்ச கம்பு நாட்டியம் ஆடும். நீங்க என்னடான்னா மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஓடுபாதை ஓரத்துல நின்னு படம் எடுத்துட்டு, "லென்சு ஷார்ப்பா இல்லை, சர்வீசுக்குக் கொடுக்கணும்"ங்கியோ. சர்வீசுக்குக் கொடுக்க வேண்டியது சூரியனைத்தான். லென்சு நீளம் கூடக்கூடக் கானலும் சேந்துதான் பெருசாகும்.

பாட்டில் இறங்குது. வலது கைக்கு மாத்தாத, லென்சை அப்படி மாத்த முடியாது, ஷட்டர் பொத்தான் வலது பக்கந்தான் இருக்கு. இப்பத்தான் எட்டு நிமிசம் ஆகுது. ஏன் தூக்கச் சொன்னேன்னு இப்பவாவது வெளங்குதா? டாம்ரான் ரெண்டு கிலோ பத்து கிராம். அப்படியே நீ பிடிச்சிருக்க பாட்டில்தான், கேமரா எடை தனி. சிக்மாவுல கன்டெம்பரரிங்கிறது 1930 கிராம். ஸ்போர்ட்ஸ்ங்கிறது 2860. பேரைப் பாரு, ஸ்போர்ட்ஸாம். தூக்குதவன் பயில்வானா இருக்கணும்னு சொல்லாமச் சொல்லுதான். மோனோபாட் வச்சுக்கிடுதேன், முக்காலி வச்சுக்கிடுதேன்னு சொல்லுவே. கூட்டுல இருக்க நாரைக்குச் சரி. தலைக்கு மேல போற விமானத்தை முக்காலியில வச்சு எடுக்கிறதுன்னா நீ மல்லாந்து படுக்கணும். காருக்குள்ள இருந்து எடுக்குததுக்கு ஒரு பழைய தலையணை உறையில ரெண்டு படி பயறு போட்டுத் தச்சு, சன்னல்ல வச்சுக்கோ. அதை விட நல்ல ஸ்டாண்டு கிடையாது. பசிச்சா அவிச்சும் திங்கலாம்.

நான் சொல்லுதது அந்த ஓரத்துல கிடக்கே, வேண்டாவெறுப்பு, அதைத்தான். ஈஎஃப் 100-400, ரெண்டாம் மாடல், 2014-ல வந்தது. முக்காலி வளையத்தைக் கழத்திட்டா 1570 கிராம். ஒன் சின்ன சென்சார்ல 1.6-ஆல பெருக்கினா 160-ல இருந்து 640 வரைக்கும் பாக்குத மாதிரி. 400-லயும் எஃப் 5.6. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளயே ஃபோகஸ் பிடிக்கும். பறவை வராத நாள்ல வேலியில இருக்க தட்டானை எடுத்துக்கோ, 150-600 எல்லாம் அதுக்கு ரெண்டு மீட்டருக்கு மேல பின்னால போன்னு வெரட்டும். நாளைக்கே புதுப் பாடி வாங்கினாலும் அடாப்டர் போட்டு இதையே மாட்டலாம், ஃபோகசும் ஓடும். வெள்ளை நெறம் வேற. ஒனக்கு அது ஒரு ஆசைன்னு ஒங்கம்மை சொன்னா. சூடு ஏறக் கூடாதுன்னு அடிச்ச வெள்ளைலே அது. வெள்ளை வேட்டி கட்டினவனெல்லாம் மிராசுதாரா? ஆனா ஆசைப்பட்டவனுக்குக் கிடைச்சுட்டா, பரவாயில்லை, கட்டிட்டுப் போகட்டும்.

1998-ல வந்த மொத மாடலைக் காட்டி விலை கம்மின்னு சொல்லுவானுவ. அது இழுத்துத் தள்ளுத சூம், சைக்கிள் பம்பு மாதிரி. ஒரு ஏரோப்பிளேன் எட்டத்துல இருந்து கிட்ட வாறப்ப அந்தப் பம்பு விரசா வேலை செய்யும், பொய் சொல்லக் கூடாது. ரெண்டாவது மாடல்ல திருகுததுதான். எது கைக்கு வசமோ அது. 1.4 எக்ஸ்டெண்டர் சேத்து வாங்குன்னு ஒருத்தன் காதுல ஓதுவான். அதைப் போட்டா எஃப் 8 ஆயிரும், ஒன் பாடி மாதிரி பழசுல பலதும் தானா ஃபோகஸ் பிடிக்காது. காசு கொடுத்துக் குருடு வாங்காத.

பழசு வாங்கப் போறப்ப டார்ச்சு கொண்டு போ. இது நான் பட்ட பாடு. ரிட்டயராகி வந்த பணத்துல நானும் ஒரு 70-300 வாங்கினேன். வித்த ஆளு பேரு எதுக்கு, மகராசனா இருக்கட்டும். வெளிய பாத்தா மாப்பிள்ளை மாதிரி பளபளப்பு. வீட்டுக்கு வந்து பின்பக்கம் இருந்து டார்ச்சு அடிச்சுப் பாக்கேன், உள்ள ஆச்சி மார்கழி மாசம் வாசல்ல போடுத கோலம். பூஞ்சை. வேர் விட்டுக் கிளை விட்டு நாலு புள்ளிச் சிக்குக்கோலம். நான் அலமாரியில கம்பளித் துணி சுத்திப் பத்திரமா வச்சேன்லா, அது இன்னும் ரெண்டு வரி கூடக் கோலம் போட்டுச்சு. காத்துப் போகாத இருட்டுல வச்சா அதுக்குக் கொண்டாட்டம். சிலிக்கா ஜெல்லு போட்ட டப்பாவுல வைக்கணும்னு பொறவுதான் ஒரு பய சொன்னான். அதனால டார்ச்சை ரெண்டு பக்கமும் அடி. லென்சைக் கீழ பாக்கப் பிடிச்சு ஆட்டு, குழல் தானா இறங்குதா பாரு. பூட்டு வளையம் பிடிக்குதா பாரு. கிட்ட ஒண்ணு, தூரத்துல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஃபோகஸ் பண்ணி மோட்டாரைக் காது கொடுத்துக் கேளு, கரகரன்னா எழுந்து வந்துரு. ஒன் பாடியையே கையோட கொண்டு போய், அவன் கடை வாசல்ல போற பஸ்ஸை எல்லாம் எடு. விக்கிறவன் அவசரப்படுத்தினா, "தாத்தா சாமி கும்பிடச் சொன்னாரு, நாளைக்கு வாரேன்"னு சொல்லு. தாத்தாவை இதுக்குத்தான் வச்சிருக்கு.

வாகைக்குளத்துல ஏடிஆர் இறங்குததைப் போய் எடுக்கப் போறேன்னியே. காத்தாடி வச்ச விமானம் அது. நீ பறவைக்கு வச்ச 2000-லயே அதையும் எடுத்தா, ஆறு இலையும் நட்டுவச்ச மாதிரி நிக்கும், வானத்துல கயித்துல கட்டித் தொங்கவிட்ட பொம்மை. அது நிமிசத்துக்கு 1200 சுத்து வரைக்கும் சுத்தும். 200-ல ஒரு பங்கு வினாடி வச்சா அதுக்குள்ள 36 டிகிரி போயிரும், அழகா மங்கி வரும். ஆனா அந்த வேகத்துல விமானத்தோட சேந்து இடுப்பைத் திருப்பணும். ரெண்டு கிலோவைக் கையில வச்சிக்கிட்டுத் திருப்பிப் பாரு. இப்பவே, பாட்டிலோட. அந்தா ஒரு நாரை வருது, அதைத் தொடர்ந்து திரும்பு. ஹஹ்ஹா! தூணுல இடிச்சுக்கிட்டியா? ஆச்சி, ஒரு தேங்கா எண்ணெய் கொண்டா.

இன்னொண்ணு. இங்கன பக்கத்துல விஜயநாராயணம் இருக்கு. வானத்தை முட்டுத மாதிரி கம்பம் நிக்கும், கடலுக்கு அடியில இருக்க கப்பலோட பேசுததுக்கு நேவி வச்சிருக்குது. அதை நோக்கி வெள்ளைக் குழாயைத் தூக்கினே, ஒன்னையத் தூக்கிட்டுப் போயிருவானுவ. ஏர்ஃபோர்ஸ் தளத்துப் பக்கமும் அப்படித்தான். அப்ப எனக்குப் போன் பண்ணக் கூடாது. நான் ஒங்க தாத்தா இல்லைன்னு சொல்லிருவேன். சர்வேயர் சர்வீசுல அளக்கக் கூடாத நெலத்தை அளந்து ஒருக்க நான் பட்டது போதும், அதை ஆச்சிகிட்ட கேக்காத.

கூட்டுக்குக் கிட்டப் போய் நிக்காத. தாய் எழுந்து போனா காக்கா முட்டையைத் தூக்கிரும், குஞ்சு வெயில்ல காயும். நம்ம ஊருல குஞ்சு கீழ விழுந்தா பிள்ளைங்க எடுத்துட்டு வந்து காட்டும், மீன் கொடுத்து வளக்காங்க. போட்டோக்காரன் அதைத் தரையில வச்சுப் படம் எடுக்கட்டுமான்னு ஒருக்க கேட்டான். ஊரே அவனைப் பாத்தது. மறுநா அவன் காரை இந்தப் பக்கம் காணோம்.

என்ன, பதினோரு நிமிசமா? முகத்துல வேர்வை, கை கிடுகிடுங்குது. இப்பச் சொல்லு, 600 வேணுமா? ஏன் பேச்சைக் காணோம்? "வேணும் தாத்தா, ஜிம்முக்குப் போறேன்"னா? அட சவத்து மூதி. ஒங்கம்மையையே உரிச்சு வச்சிருக்கே. சரி, ஜிம்முக்குப் போ, ஆறு மாசம் கழிச்சு இதே பாட்டிலோட வா, பாப்போம். அது வரைக்கும் பணம் பேங்க்குல தூங்கட்டும். அவசரம்னா வாடகைக்கு ரெண்டு நாளைக்கு ஒரு 150-600-ஐ எடுத்து நம்ம கரையில வச்சுப் பாரு, நானே கூட வாரேன். பையை மட்டும் இந்தத் தடவை நீ தூக்கு.

இந்தா, ஆச்சி கூப்பிடுதா. கருப்பட்டியைப் போட்டுட்டாளாம், காப்பிக்குத் தண்ணி பத்தலையாம். நீ அந்தப் பாட்டிலை இறக்கி உள்ள கொண்டு போய்க் கொடு. பைய, மூடி லூசா இருக்கு.